டீசல் எங்கே போகிறது?

மாதம் முடிவதற்கு முன்னரே அரிசி மூட்டை காலியாகிவிட்டால் குடும்பத் தலைவி என்ன செய்கிறாள்? அளந்து போடும் படி சரியான படிதானா என்று பார்க்கிறாள். இம்மாதம் விருந்தினர் எத்தனை பேர் வந்து போயினர் என்று எண்ணுகிறாள். மூட்டையில் எலி கடித்த ஓட்டை உண்டா என்று தடவிப் பார்க்கிறாள். இவற்றுள் ஒன்றையும் பாராமல், அடுப்பை இடித்துவிட்டுப் புதிய அடுப்புக் கட்டத் தொடங்கும் பெண்மணி ஒருத்தியையும் நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் மோட்டார் வண்டி வைத்திருப்போரிடையே இந்த விந்தையை நான் அடிக்கடி காண்கிறேன். வண்டி டீசல் மிகுதியாகக் குடிக்கிறது என்ற ஐயம் எழுந்தவுடனே, “பம்பை மாற்று, இன்ஜெக்டரை மாற்று, டர்போவை மாற்று” என்று தொடங்கிவிடுகிறார்கள். மாற்றிய பின்னும் டீசல் முன்போலவே தீர்கிறது. பணம் மட்டும் அதைவிட வேகமாகத் தீர்கிறது.

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, டர்போ பூட்டிய டீசல் எஞ்சின் உடையதும் நான்கு சக்கரங்களாலும் இழுக்கக்கூடியதுமான வண்டியைப் பற்றி. நம் மக்கள் இவ்வகை வண்டி அனைத்தையும் ஜீப் என்றே அழைக்கின்றனர். நானும் அவ்வாறே அழைக்கிறேன். இத்தகைய வண்டி அளவுக்கு மீறி டீசல் குடித்தால் அதன் காரணத்தை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதே கேள்வி. இக்கேள்வியில் பொறியியல் இருக்கிறது. அதைவிட மிகுதியாகக் கணக்குப் பார்க்கும் முறை இருக்கிறது.

முதலில் வரவைப் பார்ப்போம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியப் பொறியறிஞர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக வேலையாக மாற்றியது. அக்காலத்து நீராவி எஞ்சின்கள் பத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிதாக இருந்ததால், அதனை உலகம் வியந்து நோக்கியது. இன்று ஜீப்பில் உள்ள எஞ்சின், சாதாரணமான ஓட்டத்தில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நமக்கு வேலையாகத் தருகிறது. மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே வெப்பமாக வெளியேறுகிறது. எஞ்சிய பங்கு ரேடியேட்டர் நீரிலும் எஞ்சினின் உடலிலும் போய்ச் சேர்கிறது. ஆகவே, லிட்டர் ஒன்றுக்கு 12 மெகாஜூல் வேலை நம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 12 என்னும் எண்ணை மனத்தில் இருத்துங்கள். சற்று நேரத்தில் அது நமக்கு உதவும்.

புகைக்குழாயில் வீணாகும் பங்கைக் கண்டு மனம் பொறாதவர் ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியறிஞர். வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் பூட்டிய மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்னும் கருத்துக்கு அவர் 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். அதுதான் டர்போ. உள்ளங்கையில் அடங்கும் அதன் சக்கரம், ஜீப் மலையேறும்போது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்களுக்கு மேலும் சுழல்கிறது.

டர்போ இல்லாவிடில் என்ன குறை என்று கேட்கலாம். டீசல் எரிவதற்கு வேண்டிய காற்றின் அளவைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். ஒரு கிலோகிராம் டீசல் முழுமையாக எரியக் குறைந்தது பதினான்கரைக் கிலோகிராம் காற்று தேவை. லிட்டர்க் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் டீசலுக்கு 12 கிலோகிராம் காற்று. கடற்கரை ஊரில் அது 10 கன மீட்டர் இடத்தை அடைக்கும். இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறை நிறையக் காற்று! உதகமண்டலத்தின் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அதே எடைக்கு ஏறக்குறைய 13 கன மீட்டர் வேண்டும். ஜீப் குடிப்பது டீசலை என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது குடிப்பது காற்றை; டீசலைத் தொட்டுக்கொள்கிறது. காற்று சரியாகப் போய்ச் சேராவிடில் டீசல் வீணாகும் என்பது இதிலிருந்தே விளங்கும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் எந்திரவியல் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன்னர், நீலகிரிப் பகுதியில் வாடகை ஜீப் ஓட்டிப் பிழைக்கும் ஒருவர் என்னிடம் வந்தார். வண்டி அவருக்கே சொந்தம். கடன் தவணை இன்னும் முடியவில்லை. முன்பெல்லாம் மலைப்பாதையில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்து வந்த வண்டி, இப்போது ஏழரைதான் கொடுக்கிறது என்றார். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓடினால், 10 லிட்டருக்குப் பதில் 13 லிட்டருக்கும் மேல் செலவாகிறது. 2024-ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் டீசல் விலை லிட்டருக்கு 90 ரூபாயைக் கடந்து நின்றது. அந்த விலையில் இந்த வேறுபாடு நாள்தோறும் முந்நூறு ரூபாய் ஆகும். தவணை கட்ட வேண்டிய பணம் அது. ஒரு பட்டறையில் இன்ஜெக்டர் நான்கையும் பம்பையும் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நகையை அடகு வைத்து அதைச் செய்துவிடலாமா என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார்.

“எதையும் மாற்றாதீர்கள், முதலில் அளப்போம்” என்றேன். என் மாணவர் இருவர் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகத்துடன் உடன் சேர்ந்தனர்.

அளப்பது எளிய காரியம் என்று எண்ண வேண்டா. “ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், இத்தனை கிலோமீட்டர் ஓடிற்று” என்பது அளவு அன்று; அது ஊகம். டாங்கின் முள்ளை நம்புவதும் அப்படியே; மேட்டில் நின்றால் ஒன்று காட்டும், பள்ளத்தில் நின்றால் வேறொன்று காட்டும். செய்ய வேண்டியது இது: ஒரே பங்கில், ஒரே குழாயில், வண்டியை ஒரே பக்கமாக நிறுத்தி, டாங்கை வாய் மட்டும் நிரப்ப வேண்டும். டீசல் நுரைக்கும் பண்பு உடையது. நுரையைக் கண்டு நிறைந்துவிட்டது என்று ஏமாறாமல், அது அடங்கும் வரை பொறுத்திருந்து மீண்டும் நிரப்ப வேண்டும். பிறகு டாங்கில் பெரும்பகுதி தீரும் வரை ஓட்டி, மறுபடியும் அதே இடத்தில் அதே மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை பிடித்த லிட்டர்தான் செலவு. இவ்வாறு மூன்று முறை செய்து சராசரி கண்டால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு உண்டு. காலையில் நிரப்புவதா, நண்பகலில் நிரப்புவதா என்பதையும் மாற்றாமல் இருத்தல் நலம். 60 லிட்டர் டீசல், வெப்பம் 15 டிகிரி ஏறினால், ஏறக்குறைய முக்கால் லிட்டர் விரிந்துவிடும்.

லிட்டரை அளந்தாயிற்று, கிலோமீட்டரை அளந்தோமா? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். தூரம் காட்டும் கருவி சாலையை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. நம் நண்பருடைய வண்டிக்கு நிறுவனம் கொடுத்த டயரின் விட்டம் 735 மில்லிமீட்டர். சேற்றுப் பாதைக்கு உதவும் என்று அவர் பின்னர் மாட்டியிருந்த டயரின் விட்டம் 774 மில்லிமீட்டர். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. கருவியோ பழைய கணக்கையே போடுகிறது. வண்டி 105 கிலோமீட்டர் ஓடினால் கருவி 100 என்றே காட்டும். சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களைக் கொண்டும், கைப்பேசியிலுள்ள செயற்கைக்கோள் வழிகாட்டியைக் கொண்டும் மாணவர்கள் இதனைச் சரிபார்த்தனர். ஏழரை என்று அவர் கணக்கிட்டது உண்மையில் 7.9. ஒரு திருகாணியைக் கூடத் தொடாமலே இழந்ததில் ஒரு பகுதி திரும்பிவிட்டது! அது இழப்பே அன்று, தப்புக் கணக்கு.

அடுத்தது, விருந்தினரை எண்ணும் வேலை. அதாவது, வண்டி செய்த வேலை கூடியிருக்கிறதா என்று பார்ப்பது. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில். ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள ஒரு ஜீப்பை இந்த 1,900 மீட்டர் தூக்கி நிறுத்துவதற்கு மட்டும் எவ்வளவு ஆற்றல் வேண்டும்? எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள்: 37 மெகாஜூல் வரும். லிட்டருக்கு 12 மெகாஜூல் வேலை என்றோம் அல்லவா? ஆகவே, மூன்று லிட்டருக்குச் சற்று மேற்பட்ட டீசல், வெறும் ஏற்றத்துக்கே போய்விடுகிறது. சாலையின் உராய்வு, காற்றின் தடை ஆகியவற்றுக்கு ஆவது தனி. இறங்கும்போது எஞ்சின் டீசல் கேட்பதில்லை என்பது உண்மையே. ஆனால் ஏறும்போது கொடுத்த ஆற்றலைப் பிரேக்கு வெப்பமாக்கி வீசிவிடுகிறதேயன்றி நமக்குத் திருப்பித் தருவதில்லை. எனவே சமவெளியில் ஓடுகிறவரின் கணக்கோடு மலையில் ஓடுகிறவர் தம் கணக்கை ஒப்பிட்டு வருந்துவதில் பொருள் இல்லை. தம்முடைய பழைய கணக்கோடு, அதே பாதையில், அதே சுமையில்தான் ஒப்பிட வேண்டும்.

சமவெளியில் ஓடுவோருக்கும் ஒரு விருந்தாளி உண்டு. அவர் பெயர் வேகம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் வண்டி 110-க்குத் தாவினால் காற்றுத் தடை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஜீப் என்பது காற்றின் முன் நிறுத்திய அலமாரியைப் போன்ற உருவம் உடையது. மேலே சாமான் கட்டும் கம்பிச் சட்டமும் இருந்தால் சொல்ல வேண்டா. நம் நண்பருடைய பாதையில் மணிக்கு 40 கிலோமீட்டரே அரிது. ஆகையால் இந்த ஐயத்தை நாங்கள் விரைவில் விட்டுவிட்டோம்.

இனி ஓட்டையைத் தேடலாம். இரவில் வண்டியின் அடியில் பெரிய அட்டைகளை விரித்து வைத்தோம். கசிவைச் சிறிது என்று எண்ணாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு, நாற்பது சொட்டுச் சேர்ந்தால் ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டாலும், ஒரு நாளைக்கு இரண்டு லிட்டருக்கு மேல் மண்ணுக்குப் போய்விடும். அட்டைகள் உலர்ந்தே இருந்தன. எஞ்சின் ஓடும்போது மட்டும் கசிவதும் உண்டு. ஈரமான இடத்தில் புழுதி அப்பியிருப்பதே அதற்கு அடையாளம். இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. இக்காலத்து டீசல் எஞ்சினின் பம்பு, இன்ஜெக்டருக்கு எண்ணெயைக் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் அனுப்புகிறது. அந்தக் குழாய்களில் கசிவு உண்டா என்று விரலால் தடவிப் பார்ப்பது பேராபத்து. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தாரை தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். காயம் ஊசிக் குத்துப் போலத் தோன்றும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிடில் விரலையே இழக்க நேரிடலாம். ஓர் அட்டைத் துண்டைத் தூர நீட்டிப் பார்ப்பதே முறை.

கசிவு இல்லை. அப்படியானால் டீசல் எஞ்சினுக்குள்தான் போகிறது. அங்கே சரியாக எரிந்தும் அதன் வேலை வழியில் எங்கோ களவு போகிறதா, அல்லது சரியாக எரியவே இல்லையா? இந்தக் கேள்விதான் முழு ஆராய்ச்சிக்கும் நடுத்தூண். முதலாவது சக்கரங்களின் பக்கத்துக் குற்றம். இரண்டாவது எஞ்சின் பக்கத்துக் குற்றம். பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலேயே தொடங்குகின்றனர். நாங்கள் செலவில்லாத முதலாவதில் தொடங்கினோம்.

மட்டமான தளத்தில் வண்டியை நிறுத்தி, கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து, கைப்பிரேக்கை விடுவித்துத் தள்ளிப் பாருங்கள். இரண்டு டன் வண்டி நல்ல டயர்களோடு நகர, 25 அல்லது 30 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை போதும். இரண்டு மாணவர்கள் எளிதில் தள்ளிவிடலாம். ஆனால் எங்கள் மாணவர் இருவரும் தோளைக் கொடுத்து முக்கினார்கள். வண்டி மனமில்லாமல் நகர்ந்தது. பிறகு பிரேக்கை இயன்றவரை தொடாமல் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியிலும் சில துளி நீர் தெளித்தோம். மூன்றில் நீர் அப்படியே நின்றது. பின்பக்க வலச் சக்கரத்தில் ‘சுர்’ என்று ஆவியாயிற்று. கைப்பிரேக்கின் கம்பி வடம் அதன் உறைக்குள் துருப்பிடித்து, விடுவித்த பின்னும் முழுமையாகத் தளராமல், பிரேக்கு டிரம்மை இலேசாகப் பற்றிக்கொண்டே இருந்தது. நாள் முழுதும் அவர் ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே மலை ஏறியிருக்கிறார்! டயரில் காற்றுக் குறைவாக இருத்தல், சக்கரங்கள் நேர்கோட்டில் இல்லாமல் ஒன்றையொன்று தேய்த்தல் ஆகியனவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த குற்றங்கள். அவரிடம் அவை இல்லை.

நான்கு சக்கர இழுவை வண்டிக்கே உரிய ஒரு குற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வண்டி ஒரு வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகவே முன் அச்சு பின் அச்சைவிடச் சற்று விரைவாகச் சுழல வேண்டும். சாதாரண ஜீப்பில் நெம்புகோலைத் தள்ளி நான்கு சக்கர இழுவையைப் போட்டுவிட்டால், இரண்டு அச்சுகளும் இறுகப் பிணைந்துவிடுகின்றன. ஒன்று விரைந்து மற்றொன்று தாமதிக்க இயலாது. சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி இந்தப் பிணக்கைத் தீர்த்துக்கொள்கிறது. உலர்ந்த தார்ச் சாலையிலோ வழுக்க இடமில்லை. அச்சுகள் முறுக்கேறுகின்றன, ஸ்டீரிங் கனக்கிறது, டயர் தேய்கிறது, டீசல் கரைகிறது. முன்னும் பின்னும் வெவ்வேறு தேய்மானம் உள்ள டயர்களைப் போட்டு நான்கு சக்கர இழுவையில் ஓட்டினால், நேர்ச் சாலையிலும் இதே முறுக்கு ஏறும். சேற்றைக் கடந்தவுடன் நெம்புகோலைத் திருப்பிவிடும் பழக்கம் நம் நண்பருக்கு நன்றாகவே இருந்தது. மலை ஓட்டுநர்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நகரத்தில் அழகுக்காக ஜீப் வாங்குவோர்க்குத்தான் கற்பிக்க வேண்டும்.

இனி எஞ்சின் பக்கம். எஞ்சின் தன் நோயைப் புகையால் சொல்லும். கரும்புகை என்றால் டீசல் மிகுதி, காற்றுக் குறைவு. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெண்புகை என்றால் டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறுகிறது, அல்லது ரேடியேட்டர் நீர் உள்ளே புகுகிறது. குளிர்ந்த காலையில் சில நிமிடம் வெண்புகை வருவது மட்டும் இயல்பே. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில், கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று புகைக்குழாயில் பூட்டப்பட்டிருப்பதால், கரும்புகையைக் கண்ணால் காண்பது அரிது. சிறுசிறு தூரம் மட்டுமே ஓடும் வண்டியில் அவ்வடிகட்டி அடிக்கடி நிறைந்து, அந்தக் கரியை எரித்துத் தள்ளுவதற்கென்றே தனியாக டீசல் செலவாகும். ஆயில் குச்சியில் மட்டம் குறையாமல் ஏறிக்கொண்டே போனால், அந்த டீசலில் ஒரு பகுதி ஆயிலோடு கலக்கிறது என்று ஐயுறலாம். நம் நண்பருடைய வண்டி அதற்கு முந்தியது. ஏற்றத்தில் கரும்புகையைத் தாராளமாகக் கக்கியது.

கரும்புகையைக் கண்டதும் இன்ஜெக்டரைக் குற்றம் சாட்டுவது வழக்கம். ‘டீசல் மிகுதி’ என்ற பாதியை மட்டும் பார்த்து, ‘காற்றுக் குறைவு’ என்ற மறுபாதியை மறந்துவிடுவதால் வரும் வழக்கம் அது. காற்று வடிகட்டியைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தோம், சுத்தமாகவே இருந்தது. நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கினால் புகை இல்லை. ஓசையிலும் மாற்றம் இல்லை. ஏற்றத்தில் மட்டுமே புகையும், அதோடு சீறல் போன்ற ஓர் ஒலியும் வந்தன. இது பெரிய தடயம். நிற்கும்போது டர்போ காற்றை அமுக்குவதில்லை. சுமையோடு ஏறும்போதுதான் அமுக்குகிறது. அமுக்கும்போது மட்டும் தோன்றும் நோய், அமுக்கிய காற்று செல்லும் வழியில்தான் இருக்க வேண்டும்.

டர்போவிலிருந்து வரும் காற்று, இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பானில் ஆறி, தடித்த ரப்பர்க் குழாய் வழியே எஞ்சினுக்குள் புகுகிறது. வழியின் தொடக்கத்தைத் தற்காலிகமாக அடைத்து, பட்டறையிலிருந்த கம்ப்ரசரால் சிறிது அழுத்தம் கொடுத்து, குழாய் எங்கும் சோப்பு நீரைத் தடவினோம். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கும் அதே வித்தைதான். இன்டர்கூலருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், குழாய் விரலளவு கிழிந்திருந்தது. அழுத்தம் இல்லாதபோது உதடுகள் போல் மூடிக்கொண்டு, அழுத்தம் வந்ததும் திறந்தது. அதைச் சுற்றி மெல்லிய ஆயில் கறையும் இருந்தது. இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாசலில் இருக்கும் உணர்கருவி, உள்ளே நுழைந்த காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் அக்காற்றுக்கு ஏற்ற டீசலை அளந்து ஊற்றுகிறது. காற்றில் ஒரு பங்கு வழியிலேயே ஓடிவிட்டதை அது அறியாது. பந்திக்கு நூறு பேர் வந்தனர் என்று வாசலில் எண்ணிச் சொன்னார்கள். பத்துப் பேர் கொல்லைப்புறமாகப் போய்விட்டார்கள். இலை நூறும் போட்டாயிற்று. மிஞ்சிய சோறுதான் கரும்புகை.

இன்ஜெக்டர்களையும் நாங்கள் சோதிக்காமல் விடவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் டாங்குக்குத் திரும்பும் எண்ணெயை நான்கு சிறு கண்ணாடிக் குப்பிகளில் ஏககாலத்தில் பிடித்தோம். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு நின்றது. ஒன்றில் மட்டும் மிகுதியாக இருந்திருந்தால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்தது என்று கொள்ளலாம். ஆனால் இதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. திரும்பிப் போகும் எண்ணெய் டாங்குக்குத்தானே போகிறது? அது வண்டியைக் கிளப்புவதைக் கடினமாக்கும். டீசலை நேரே தின்றுவிடாது. தலைமயிர் இரண்டின் தடிமனே உள்ள துளைகள் தேய்ந்து, தெளிப்பதற்குப் பதில் ஒழுக்கத் தொடங்கினால்தான் டீசல் வீணாகும். அதைச் சொல்லத் தனிச் சோதனை மேடை வேண்டும். குப்பிச் சோதனையின் பெயரால் நல்ல இன்ஜெக்டர்கள் எத்தனையோ தூக்கி எறியப்படுகின்றன. டீசலின் தரத்தில் ஐயம் இருந்தால், பங்கிலேயே அடர்த்தியை அளந்து காட்டும்படி கேட்கலாம். அதற்கான மிதவை அங்கே வைத்திருப்பர்.

கடைசிக் குற்றவாளியை அவரே அறியாமல் காட்டிக் கொடுத்தார். “எஞ்சினைப் பொறுத்தவரை ஒரு குறையும் சொல்ல முடியாது, சார், எவ்வளவு ஏற்றம் ஏறினாலும் சூடே ஆகாது” என்றார் பெருமையோடு. நான் வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஓடிய பின்னும் அது தன் பாதி வழியை எட்டவில்லை. எஞ்சின் சூடே ஆகாமல் இருப்பது நலம் அன்று; அது ஒரு நோய். டீசல் எஞ்சின் நீரின் வெப்பம் 85 அல்லது 90 டிகிரியில் நின்றால்தான் நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே ஆயில் தடித்து உராய்வு மிகும். குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் வெப்பத்தை விழுங்கும். எஞ்சின் இன்னும் காலைக் குளிரில் இருக்கிறது என்று எண்ணிக் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இந்த வெப்பத்தைக் காப்பது தெர்மோஸ்டாட் என்னும் சிறு கதவு. அதனுள் இருக்கும் மெழுகு உருகி விரியும்போதுதான் கதவு திறந்து, நீரை ரேடியேட்டருக்கு விடும். மலையில் வண்டி கொதித்துவிடுமோ என்ற அச்சத்தால், முன்னொரு பட்டறையில் அந்தக் கதவையே கழற்றி எறிந்திருந்தனர். கொதிக்கும் வண்டிக்கு ரேடியேட்டர் அடைப்பை நீக்க வேண்டும். கதவைக் கழற்றுவது பரிகாரம் ஆகாது.

மூன்று குற்றங்களையும் ஒரே நாளில் தீர்த்துவிடலாமே என்று மாணவர்கள் அவசரப்பட்டனர். நான் இசையவில்லை. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் எது எவ்வளவு தின்றது என்பது என்றும் தெரியாது. முதலில் ரப்பர்க் குழாயை மட்டும் மாற்றி, நிரப்பி, அளந்தோம்; உண்மைத் தூரக் கணக்கில் 7.9 என்பது 8.6 ஆயிற்று. பிறகு கைப்பிரேக்கு வடம், 9.2. பிறகு தெர்மோஸ்டாட், 9.7. இவ்வளவுக்கும் ஆன செலவு, நான்கு இன்ஜெக்டர்களில் ஒன்றின் விலைக்கும் குறைவு. பெருங்கள்வன் ஒருவனைத் தேடிப் புறப்பட்டோம். அகப்பட்டவர்களோ சில்லறைத் திருடர்கள் மூவர், அவர்களோடு ஒரு தப்புக் கணக்கு.

பழைய பத்துக்கு இன்னும் 0.3 குறைகிறதே என்று மாணவர் ஒருவர் கேட்டார். அது அந்தப் பெரிய டயர்களின் பங்கு. அவை எடை மிகுந்தவை, ஆழ்ந்த பள்ளங்கள் உடையவை, உருளும்போது கூடுதலாகத் தடை செய்பவை. பழைய அளவு டயர்களை மாட்டினால் அதுவும் திரும்பிவிடும் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். மழைக்காலத்தில் தோட்டப் பாதையில் இந்த டயர்கள் இல்லாவிட்டால் ஆட்களை இறக்கிவிட்டு நடக்கச் சொல்ல வேண்டியிருக்கும் என்றும், அந்த 0.3 இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்லி, நோட்டுப் புத்தகத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.